கூண்டுப் பறவைக்கு முட்டையும் பச்சை உணவும்

பறவைத் தீனி வாங்குவதற்காக டில்லியில் முதன்முறை ஒரு கடைக்குச் சென்றபோது, "காங்னி வேண்டுமா, பாஜ்ரா வேண்டுமா?" என்று கடைக்காரர் கேட்டார். பாஜ்ரா என்பது நம் கம்பு என்று அறிவேன். காங்னி என்னவென்று விளங்காமல் மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் சிறுத்திருந்த அந்த மணி நம்முடைய தினை! குறிஞ்சி நிலத்துப் பெண்கள் பரண்மீது அமர்ந்து, கிளிகளை ஓட்டிக் காவல் காத்தார்களே, அதே தினை. கிளியினத்துப் பறவைக்குத் தினையைவிடப் பொருத்தமான உணவு வேறு உண்டோ என்று எண்ணி, மகிழ்ச்சியோடு இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினேன். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

படிப்பை முடித்து ஊர் திரும்பிய மூத்த மாணவர் ஒருவர், பட்ஜரிகர் பறவைகள் இரண்டைக் கூண்டோடு என்னிடம் விட்டுச் சென்றிருந்தார். பச்சை நிறத்து ஆண் ஒன்று. நீல நிறத்துப் பெண் ஒன்று. நாள்தோறும் தட்டு நிறையத் தினை இட்டேன், தண்ணீர் மாற்றினேன். அவையும் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தன. ஆறு மாதம் இப்படிச் சென்றது. டிசம்பர் மாதக் குளிரில் பெண்பறவை முட்டையிடத் தொடங்கியது. இரண்டு முட்டைகள் வந்தன. மூன்றாவது வரவேண்டிய நாளில் அது சிறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடித்தட்டில் உட்கார்ந்துவிட்டது. மூச்சு விடுந்தோறும் வால் ஏறி இறங்கியது. குளிரால் வாடுகிறது போலும் என்று கூண்டின்மீது ஒரு போர்வையைப் போர்த்திவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தபோது அது இறந்து கிடந்தது. முட்டை உள்ளேயே தங்கியிருந்தது.

நான் விலங்கியல் மாணவன். பறவை தன் முட்டையோட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பை எலும்பின் உட்புறத்தில் எவ்வாறு சேமித்து வைக்கிறது என்பதை, அதற்கு முந்திய பருவத் தேர்வில்தான் இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். தேர்வுத் தாளில் தெரிந்தது, என் கட்டிலுக்கு அருகே நடந்தபோது தெரியவில்லை. அன்று தொடங்கிப் படித்தவற்றையும், பழக்கத்தில் கண்டவற்றையும் நம் மாணவ நண்பர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

எந்தப் பறவை?

முதலில் ஓர் எச்சரிக்கை. நான் பேசுவது நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பற்றி அன்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் அடைத்து வைப்பதும் குற்றமாகும். பட்ஜரிகர் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டது. ஜான் கூல்டு என்ற பறவை நூலறிஞர் 1840-இல் அதனை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அதன்பின் தலைமுறை தலைமுறையாக மனிதரிடமே வளர்ந்து உலகெங்கும் பரவிவிட்டது. தமிழகத்தில் இதனைத்தான் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையான லவ் பேர்டு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறோர் இனம். பட்ஜரிகரின் எடை 30 முதல் 40 கிராம்தான். இவ்வளவு சிறிய உடலில் குறையும் நிறையும் விரைவிலேயே விளைவைக் காட்டிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தானியத்தில் உள்ள குறை

தினை நல்ல உணவே. மாவுச் சத்து மிகுதி. ஓரளவு புரதமும் உண்டு. ஆனால் உலர்ந்த தானியம் ஒன்றையே உண்ணும் பறவைக்கு நான்கு பொருள்கள் போதாமற் போகின்றன.

முதலாவது, ஏ-வைட்டமின். இது குறைந்தால் வாய், மூக்கு, மூச்சுக்குழல் ஆகியவற்றின் உட்புறத்தை மூடியுள்ள மென்மையான தோல் வறண்டு தடிக்கிறது. நோய்க் கிருமிகள் எளிதில் உட்புகுகின்றன. இரண்டாவது, சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம். தானியத்தில் கால்சியம் சிறிது; பாஸ்பரஸ் அதைப்போல் பல மடங்கு. மூன்றாவது, அயோடின். தானியமே தின்று வளர்ந்த பட்ஜரிகருக்குக் கழுத்துக் கழலை உண்டாவது பறவை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த நோய். வீங்கிய சுரப்பி மூச்சுக்குழலை அழுத்துவதால் பறவை கீச்சிட்டு மூச்சு வாங்கும். நான்காவது, லைசின் என்னும் அமினோ அமிலம். புரதங்களெல்லாம் பல அமினோ அமிலங்கள் சேர்ந்து உண்டாவன. அவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்றவை மிகுந்திருந்து பயனில்லை. அரிசி மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தாலும் உளுந்து இல்லாமல் இட்லி வருமா?

இவற்றோடு டி-வைட்டமின் சேர்ந்தால்தான் கால்சியம் உடலில் சேரும். வெயில் பட்டால் பறவையின் உடலிலேயே இந்த வைட்டமின் உண்டாகிறது. ஆனால் அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிரைச் சன்னல் கண்ணாடி தடுத்துவிடும். டில்லிக் குளிருக்கு அஞ்சி நான் சன்னலை அடைத்து வைத்திருந்தேன். கண்ணாடி வழியே வெளிச்சம் வந்தது. வேண்டிய கதிர் வரவில்லை.

"காட்டில் இப்பறவைகள் புல் விதையைத்தானே தின்கின்றன? அங்கே முட்டை கொடுப்பவர் யார்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. காட்டுப் பறவை பலவகைப் புல்லின் விதைகளைத் தேடித் தின்கிறது. மழைக்குப் பின் முற்றாத பசுங்கதிர்கள் நிறைந்திருக்கும் காலத்தில்தான் பெரும்பாலும் முட்டையிடுகிறது. நாள் முழுதும் வெயிலில் பறக்கிறது. நம் கூண்டில் அந்தப் பலவகையும் இல்லை, பசுமையும் இல்லை, வெயிலும் இல்லை. மூட்டையில் உலர்ந்த ஒரே தானியந்தான் இருக்கிறது. நாம் எடுத்துக்கொண்டவற்றுக்கு ஈடாக ஒன்று கொடுக்க வேண்டும் அல்லவா? அந்த ஈடுதான் முட்டையும் பச்சை உணவும்.

பறவைகள் நமக்குக் கற்பித்த பாடம்

வயிறு நிறைந்தாலும் உடல் வாடலாம் என்ற உண்மையை மனிதருக்குக் கற்பித்தவையே பறவைகள்தாம். 1890-களில், இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டேவியாவில், எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்து வந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள் திடீரெனக் கால் வலுவிழந்து விழுந்தன. மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு அவற்றுக்கு இடப்பட்டிருந்தது. தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் அவை தேறின. தவிட்டோடு போன ஏதோ ஒரு சத்து உயிருக்கு இன்றியமையாதது என்பது இதிலிருந்து மெல்ல மெல்ல விளங்கிற்று. 1912-இல் காசிமிர் ஃபங்க் இத்தகைய சத்துகளுக்கு 'வைட்டமின்' என்ற பெயரை வழங்கினார். எய்க்மனுக்கு 1929-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இந்த வரலாற்றில் நம் நீலகிரிக்கும் பங்கு உண்டு. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். புறாக்களுக்குச் சத்துக் குறைந்த உணவை ஊட்டி, உடலில் நேரும் மாறுதல்களை ஆராய்ந்தார். அந்த ஓர் அறையே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. கோழியும் புறாவும் பட்டினி கிடந்து தந்த அறிவை, கூண்டிலுள்ள ஒரு பறவைக்காவது நாம் திருப்பித் தர வேண்டாமா?

முட்டை ஏன் சிறந்தது?

கோழி முட்டைக்குள் 21 நாளில் ஒரு குஞ்சு உருவாகிறது. எலும்பு, தசை, கண், இறகு எல்லாவற்றுக்கும் வேண்டிய பொருள்கள் அந்த ஓட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. வெளியிலிருந்து வேண்டுவன கதகதப்பும் காற்றுந்தான். ஆகவே ஒரு பறவையின் உடலுக்கு எவை தேவை என்று நாம் பட்டியல் எழுத வேண்டியதில்லை. இயற்கையே எழுதி வைத்திருக்கிறது. ஓடு நீங்கலாக 50 கிராம் முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. தானியத்தில் குறைந்த லைசின் அதில் நிறைந்திருக்கிறது. மஞ்சட்கருவில் ஏ-வைட்டமினும் டி-வைட்டமினும் உண்டு. அயோடினும் சிறிது உண்டு.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. முட்டையின் உள்ளீட்டில் கால்சியம் மிகக் குறைவு. அது ஓட்டில் இருக்கிறது. ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குமேல் கால்சியம் கார்பனேட்டுதான். முட்டைக்குள் வளரும் குஞ்சுகூடத் தன் எலும்புக்கு வேண்டிய கால்சியத்தில் பெரும்பகுதியை ஓட்டிலிருந்தே கரைத்து எடுத்துக்கொள்கிறது. ஆகவே, ஓட்டை எறிந்துவிட்டு முட்டையை மட்டும் கொடுப்பவர் பாதி வேலையைத்தான் செய்கிறார்.

முட்டையிடும் பறவைக்குக் கால்சியம் குறைந்தால் ஓடு மெலிவதோடு நிற்பதில்லை. தசைகள் சுருங்கி விரிவதற்கும் கால்சியம் வேண்டும். அது குறையும்போது, முட்டையை வெளியே தள்ளும் வலிமை தசைக்கு இல்லாமற் போகிறது, முட்டை தங்கிவிடுகிறது. குளிரும் பறக்க இடமின்மையும் இதற்குத் துணை செய்யும். சிறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடியில் அமர்ந்து முக்கும் பெண்பறவையைக் கண்டால், கதகதப்பாக வைத்து அப்பொழுதே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று நான் படுத்ததுபோல் நீங்கள் படுக்கக் கூடாது.

ஊட்டும் முறை

முட்டையை நன்றாக வேகவைக்க வேண்டும். நீர் கொதிக்கத் தொடங்கியபின் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் வேகட்டும். பச்சை முட்டையில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். மேலும் பச்சை வெண்கருவிலுள்ள அவிடின் என்ற பொருள், பயோடின் வைட்டமினை உடலில் சேரவிடாமல் பற்றிக்கொள்ளும். வெந்தால் இரண்டும் தீரும். உப்பு, எண்ணெய், மிளகுத்தூள் எதுவும் வேண்டாம். வெண்கரு, மஞ்சட்கரு இரண்டையும் முட்கரண்டியால் பிசைந்து கொள்ளுங்கள். வெந்த முட்டையின் ஓட்டை உலர்த்தி, கூர்முனை இல்லாமல் மாவுபோலப் பொடித்து ஒரு சிட்டிகை கலந்து கொள்ளுங்கள்.

பறவை ஒன்றுக்கு அரைத் தேக்கரண்டி. வாரம் இரண்டு முறை. இதுவே போதும். இது மிகவும் கொஞ்சம் என்று தோன்றினால் ஒரு கணக்கைப் பாருங்கள். அரைத் தேக்கரண்டி இரண்டரைக் கிராம். பறவை 35 கிராம். உடலின் பதினான்கில் ஒரு பங்கு! என் எடை 56 கிலோ. ஒரே வேளையில் 4 கிலோ முட்டையை என்முன் வைத்ததற்கு அது சமம். சிறிய உடல் பெரிய உடலைவிட வேகமாக உணவை எரிக்கிறது என்பதைக் கணக்கில் கொண்டாலும், இது கொஞ்சம் அன்று. குஞ்சு பொரித்து ஊட்டும் காலத்தில் நாள்தோறும் கொடுக்கலாம். இறகு உதிர்ந்து முளைக்கும் காலத்திலும் சற்றுக் கூட்டலாம். மற்ற நாளில் அளவு மீறினால் கொழுப்புச் சேரும். மேலும், வளமான உணவு கிடைத்தால் 'நல்ல காலம் வந்தது' என்று பெண்பறவையின் உடல் எண்ணி, மீண்டும் மீண்டும் முட்டையிடத் தொடங்கிவிடும். காக்கப் போய் அழித்த கதையாகிவிடக் கூடாது.

மிஞ்சியதைக் கோடையில் ஒரு மணி நேரத்துக்குள்ளும், குளிர்காலத்தில் இரண்டு மணி நேரத்துக்குள்ளும் எடுத்துவிட வேண்டும். காலையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய் மாலையில் எடுப்பது நஞ்சூட்டுவதற்கு ஒப்பாகும்.

என் வீட்டு உரிமையாளரான அம்மையார் சைவ உணவினர். அறையில் முட்டை கூடாது என்பது முதல் நாளே சொன்ன நிபந்தனை. பறவை இறந்ததையும் அதன் காரணத்தையும் சொல்லி, மறைக்காமல் அனுமதி கேட்டேன். சற்று நேரம் கூண்டைப் பார்த்துவிட்டு, "மருந்தென்றால் சரி, பேட்டா, ஆனால் என் அடுப்பில் வேண்டாம்" என்றார். ஆகவே நண்பர் ஒருவரின் அறையில் வேகவைத்துச் சிறு டப்பாவில் கொண்டு வருகிறேன். மீதி முட்டை அந்த நண்பருக்கு. முட்டைக்கு வழியே இல்லாதவர்களும் மனம் தளர வேண்டாம். முளைகட்டிய பயறு, கேழ்வரகு, கீரை, கணவாய் ஓடு, நேரான இளவெயில் இவற்றால் குறையைப் பெரும்பகுதி நிரப்பலாம். பறவைக்கென்று சத்துகளைச் சேர்த்துச் செய்த குருணை உணவும் இப்பொழுது கடைகளில் கிடைக்கிறது.

கீரையும் காயும் முளையும்

ஏ-வைட்டமினாக உடலில் மாறும் மஞ்சள் நிறப்பொருள் காரட், பூசணி, கரும்பச்சைக் கீரைகள் ஆகியவற்றில் மிகுதி. முருங்கைக்கீரை கிடைத்தால் அதற்கு இணையில்லை. டில்லியில் குளிர்காலம் முழுவதும் வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் மலிவாகக் கிடைக்கின்றன. பாலக் கீரையை மட்டும் அளவோடு கொடுக்க வேண்டும். அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும். பூச்சி மருந்து போக எல்லாவற்றையும் பலமுறை கழுவுங்கள்.

கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்குமேல் கால்சியம் உண்டு. தானியங்களுள் இது தனிச் சிறப்பு. தினையோடு அதனையும் கலக்கலாம். பச்சைப்பயற்றை இரவில் ஊறவைத்து, வடித்து, வெள்ளை முளை தலைகாட்டியதும் கழுவிக் கொடுங்கள். புளித்த வாடையோ வழவழப்போ இருந்தால் எறிந்துவிடுங்கள். கணவாய் மீனின் ஓட்டை நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்பார்கள்; இங்கே 'சமுத்திர ஃபேன்' என்று கேட்டால் கிடைக்கும். அதனைக் கூண்டில் கட்டிவிட்டால் பறவை வேண்டும்போது கொறித்துக்கொள்ளும்.

கிளிக்கு மிளகாய் கொடுக்கும் பழைய வழக்கத்தைப் பலர் கொடுமை என்று நினைப்பதுண்டு. அது கொடுமையன்று. மிளகாயின் காரத்தை உணரும் வாயில் நம் நரம்பில் உண்டு. பறவையின் நரம்பில் அது காரத்துக்குத் திறப்பதில்லை. நமக்குக் கண்ணீர் வரவழைக்கும் பழம் பறவைக்கு வெறும் பழந்தான். சிவந்த மிளகாயில் ஏ-வைட்டமினுக்கு மூலமான பொருளும் நிறைய உண்டு.

கொடுக்கக் கூடாதவை

வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ பறவைக்குக் கொடிய நஞ்சு, சிறிதளவும் ஆகாது. சாக்லெட், காப்பி, தேநீர், மது ஆகியவையும் ஆகா. வெங்காயமும் பூண்டும் வேண்டாம். ஆப்பிளைக் கொடுக்கலாம்; விதையை நீக்கிவிட வேண்டும். நாம் கொறிக்கும் மிக்சரும் சிப்ஸும் நமக்கு ஒரு பிடி உப்பு. அதற்கோ ஒரு மூட்டை உப்பு. உணவன்று எனினும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒட்டாத பூச்சிட்ட தோசைக்கல்லைக் காலியாக அடுப்பில் வைத்து மறந்தால், அதிலிருந்து எழும் புகை நமக்குத் தெரியாமலே அடுத்த அறையிலுள்ள பறவையைக் கொன்றுவிடும்.

பழக்கும் விதம்

தினையே தின்று வளர்ந்த பறவைக்கு முட்டையும் கீரையும் உணவென்றே தெரியாது. என் ஆண்பறவை முதல் நாள் முட்டைத் தட்டைக் கண்டு கூண்டின் மறுகோடிக்கு ஓடிவிட்டது. முட்டையின்மேல் தினையைத் தூவி வைத்தேன். நாள்தோறும் புதிதாக ஒரு சிட்டிகை வைத்து, தினையின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தேன். பதினோராம் நாள் அலகில் ஒட்டிய மஞ்சட்கருவைச் சுவைத்தது. அதன்பின் தட்டைக் கண்டாலே ஓடி வருகிறது. பசித்தால் தானே தின்னும் என்று தானியத்தை முழுவதும் நிறுத்திவிடாதீர்கள். இவ்வளவு சிறிய பறவை ஒரு நாள் பட்டினியைக்கூடத் தாங்காமற் போகலாம். சமையலறைச் சிறு தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். உடலில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அது ஆபத்தின் அறிகுறி.

நான் இன்று இருப்பது

முட்டையைப் பிசைந்து கொடுத்திருந்தால் அந்த நீலப்பறவை பிழைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல என்னால் இயலாது. ஆனால் நான் அதற்குக் கொடுக்காதவற்றை விரல்விட்டு எண்ண முடியும்: சுண்ணாம்பு, வெயில், கீரை, ஒரு கரண்டி முட்டை. எல்லாம் சேர்ந்து வாரத்துக்கு நான் குடிக்கும் தேநீர்ச் செலவுக்கும் வாரா. முட்டைப் பெட்டியை எடுத்துவிட்டேன். துணைக்கு இன்னோர் ஆண்பறவையைச் சேர்த்திருக்கிறேன். இரண்டும் காலை வெயிலில் கொத்தமல்லித் தழையைக் கொத்திக்கொண்டிருக்கின்றன.

காட்டுப் பறவை தனக்கு வேண்டியதைத் தேடிக்கொள்ளும். கூண்டுப் பறவைக்குத் தேடும் உரிமையை நாம் எடுத்துக்கொண்டோம். ஆகவே தேடும் கடமையும் நம்முடையதே ஆயிற்று. தட்டு நிறைந்திருப்பதைக் கண்டு மனநிறைவு கொள்ளாதீர்கள். தட்டில் இல்லாதது என்ன என்று கேளுங்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள் கூண்டை மற்றொருவரிடம் ஒப்படைக்கும்போது, தினைப் பொட்டலத்தோடு இந்தப் பக்கங்களையும் அவர் கையில் கொடுத்துச் செல்லுங்கள். என்னிடம் கூண்டு வந்தபோது பொட்டலம் மட்டுந்தான் வந்தது.